பருத்த உடலும் அறுவைச் சிகிச்சையும்

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை தொலைவிற் குறைந்தது; எனினும் அதிலும் 2,388 படிகளை ஏறியாக வேண்டும். அலிபிரிப் பாதையின் பிற்பகுதியில் செங்குத்தாக உயரும் ஓர் ஏற்றத்தைத் தமிழ் அடியார்கள் 'முழங்கால் முறிச்சான்' என்றே வழங்கி வந்துள்ளனர். இம்மலையேற்றத்தைக் குறித்து 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தேவஸ்தானம் ஓர் அறிவுரை வெளியிட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, மூட்டுநோய் ஆகியவை உடையவர்களும் நடந்து ஏறுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும், மிகுந்த உடற்பருமன் உள்ளவர்களும் இதய நோயாளர்களும் ஏற வேண்டாம் என்றும் அது கூறிற்று.

உடற்பருமனை இதய நோயோடு ஒரே வரிசையில் வைத்துக் கூறிய இவ்வறிவிப்பு கருதத்தக்கது. ஏனெனில், சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பருத்த உடலைப் பற்றி இரண்டே எண்ணங்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, அது செழிப்பின் அடையாளம் என்பது. மற்றொன்று, அது சோம்பலின் பயன் என்பது. முதல் எண்ணத்தினால் நோய் கவனிக்கப்படாமற் போகிறது. இரண்டாவது எண்ணத்தினால் நோயாளி வெட்கி மறைந்து கொள்கிறார். அண்மைக் காலத்தில் மூன்றாவது எண்ணமொன்றும் பரவி வருகிறது. பணம் இருந்தால் ஓர் ஆபரேஷனில் எல்லாம் சரியாகிவிடும் என்பதே அது.

இம்மூன்றும் தவறானவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. உடற்பருமன் அளந்து அறியத்தக்க ஒரு நோய். அதற்குரிய அறுவைச் சிகிச்சை, தக்கவர்களுக்குச் செய்யப்படுமாயின், உயிர்காக்கும் சிகிச்சையே. ஆனால் அதன் பயன் நிலைப்பதும் கெடுவதும் நோயாளி திரும்பி வந்து வாழும் சிற்றூரில்தான். அங்கு அவருக்குத் துணையாக இருப்பவர்கள் கிராமச் செவிலியரும், ஆஷா பணியாளரும், பள்ளி ஆசிரியருமே ஆவர். ஆதலின் இப்பொருளைக் குறித்து நகரத்து மருத்துவ நிபுணர் அறிந்தால் போதும் என்று நாம் இருத்தல் ஆகாது.

எத்தனை பேருக்கு?

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 24 பேர் மிகை எடை உடையவர்கள். ஆந்திரப் பிரதேசத்தில் இவ்வெண் நூற்றுக்கு 36, தமிழ்நாட்டில் 40. அதே ஆய்வில் நாடெங்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பெண்கள் இருக்க வேண்டிய எடைக்கும் குறைந்து மெலிந்து காணப்பட்டனர். ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், மெலிவும் பருமனும் அருகருகே உள்ளன என்பதே இதன் பொருள். எனவே, பசி தீராத நாட்டில் பருமனைப் பற்றிப் பேசுவது வீண் என்று கூறுவதற்கில்லை.

பருமனை அளக்கும் முறை எளிது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே உடல் நிறைக் குறியீட்டெண் ஆகும். எடுத்துக்காட்டாக, புத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் 150 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மையாரை எண்ணிக் கொள்வோம். 1.5-இன் வர்க்கம் 2.25, 90-ஐ 2.25-ஆல் வகுக்க 40 கிடைக்கும். இதுவே அவருடைய குறியீட்டெண். உலக அளவில் 25-க்கு மேல் மிகை எடை என்றும், 30-க்கு மேல் பருமன் என்றும் கொள்வர். இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்றும், 25-ஐப் பருமனாகவே கொள்ள வேண்டும் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் 2009இல் வகுத்துள்ளனர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. புனே நகரத்து ஆராய்ச்சியாளர் டாக்டர் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் 2004இல் தம் இருவர் உடலையுமே அளந்து ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவருடைய குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. இந்தியரின் உடலில் 21 பங்கு. பார்வைக்கு மெலிந்து, உள்ளே கொழுத்திருப்பது நம்மவர் உடலின் இயல்பு என்பது இதனால் விளங்கும். ஆகவே எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பாமல், இடுப்பைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. முப்பது வயதைக் கடந்தவர்களுக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்பளவுக்குத் தனி மதிப்பெண் தரப்பட்டிருப்பதும் இதனால்தான். அக்கட்டத்தை உத்தேசமாக நிரப்பாமல், நாடாவை வைத்து அளந்து நிரப்புவது முதற்கடமை.

கொழுப்பு செய்யும் கேடு

வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்பன்று. அது ஹார்மோன்களையும் அழற்சி விளைக்கும் பொருள்களையும் இரத்தத்தில் விடுகிறது. இவற்றால் இன்சுலினின் செயல் தடைப்படுகிறது, கணையம் மேலும் மேலும் உழைத்துச் சோர்கிறது, நீரிழிவு தோன்றுகிறது. கல்லீரலில் கொழுப்புப் படிந்து, சிலருக்கு அது கல்லீரல் இறுக்க நோயாக முற்றுகிறது. இரத்த அழுத்தம் உயர்ந்து, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி ஏற்படுகிறது. பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறும் மகப்பேறின்மையும் நேரலாம். பதின்மூன்று வகைப் புற்றுநோய்களுக்கும் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் அறிவித்தது.

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது மற்றொரு கேடு. உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தலும், பகலில் அமர்ந்த இடத்திலேயே தூங்கி விழுதலும் இதன் அறிகுறிகள். மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் ஓட்டுநருக்கு இந்நோய் இருந்தால், அஃது அவர் ஒருவரை மட்டும் பொறுத்ததாகாது.

முழங்கால் மூட்டின் நிலையும் இத்தகையதே. மூட்டுத் தேய்வு உள்ள முதியவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. மலைப்படி ஏறுவோர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

குற்றம் எவருடையது?

முன்பு இவ்வட்டாரத்து உழவர் வீடுகளில் ராகிக் களியே அன்றாட உணவு. 1983இல் ஆந்திரப் பிரதேச அரசாங்கம் கிலோ இரண்டு ரூபாய் விலைக்கு அரிசி வழங்கத் தொடங்கியது. பசியைப் போக்கிய அத்திட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், காலப்போக்கில் தீட்டிய அரிசிச் சோறே தட்டு முழுவதையும் நிரப்பியது. களியும் பயறும் குறைந்தன. சமையல் எண்ணெய் மலிந்தது. இனிப்புப் பானங்களும் பொட்டலப் பண்டங்களும் சிற்றூர்க் கடைகளில் தொங்கின. ஏற்றமிறைத்தலும், நாற்று நடுதலும், நெடுந்தொலைவு நடத்தலும் பொறிகளாலும் ஊர்திகளாலும் குறைந்தன. உணவு கூடி உழைப்பு குறைந்த இம்மாறுதலை எவரும் தனித்து நின்று தேர்ந்து கொள்ளவில்லை.

மேலும், எடை ஒருமுறை கூடிவிட்டால், அதனைக் காக்கவே உடல் முயல்கிறது. உணவைக் குறைத்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் மிகுகிறது. உடல் செலவிடும் சக்தி குறைகிறது. இதனாலேயே பலர் ஐந்து கிலோ இளைத்து ஆறு கிலோ பெருக்கின்றனர். இதனை மனவுறுதியின்மை என்று ஏசுதல் அறியாமையாகும்.

எனினும் முயற்சி வீண் போவதில்லை. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. நீரிழிவின் வாயிலில் நின்ற அவர்களுள், உணவு ஒழுங்கையும் அன்றாட நடையையும் மேற்கொண்டவர்களுக்கு, மூன்றாண்டுகளில் நீரிழிவு வருதல் நூற்றுக்கு 28 பங்கிற்கு மேல் குறைந்தது. இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்பதே இதில் வியப்பு. எடை குறையாவிடினும் நடை பயன் தரும் என்று நாம் துணிந்து கூறலாம். எண்ணெய்க்கும் ஓர் அளவு உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த தட்டின் கணக்கில், ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது மாதம் ஏறத்தாழ மூன்றேகால் கிலோ ஆகும். வீட்டுத் தலைவியிடம் கிராம்களைச் சொல்வதைவிட, மாதத்திற்கு வாங்கும் எண்ணெய்ப் பொட்டலங்களின் எண்ணிக்கையைக் கேட்பது எளிதில் விளங்கும்.

அறுவைச் சிகிச்சை யாது?

மேற்கூறிய அம்மையாரைப்போல் குறியீட்டெண் 40-ஐ எட்டியவர்களுக்கு, உணவும் நடையும் மட்டும் போதுமானவையாக இருப்பது அரிது. 2025இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த டிர்செபடைடு போன்ற வார ஊசி மருந்துகள் எடையை நன்கு குறைக்கின்றன; ஆனால் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு எடை திரும்புகிறது. இந்நிலையில்தான் அறுவைச் சிகிச்சை கருதப்படுகிறது.

வயிற்றுத் தோலின் அடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு, இது வேறு. உறிஞ்சி எடுப்பது அழகு கருதிச் செய்வதேயன்றி நோய் நீக்குவதன்று. பருமனுக்கான அறுவை இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படுவது. 1954இல் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் முறை தொடங்கிற்று. அது கடுஞ்சத்துக் குறைவையும் கல்லீரல் கேட்டையும் விளைத்ததால் கைவிடப்பட்டது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் மேசன் இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துக் குடலுடன் இணைக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். இன்று இவ்வறுவைகள் பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகளிட்டே செய்யப்படுகின்றன.

இன்று மிகுதியும் வழங்குவன இரண்டு முறைகள். முதலாவதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்பட்டு, எஞ்சியது வாழைப்பழம் போன்ற குழாயாகிறது. 'ஸ்லீவ்' என்று மருத்துவர்கள் கூறுவது இதனையே. வெட்டிய பகுதியை மீண்டும் வைக்க இயலாது. இரண்டாவது 'பைபாஸ்' எனப்படும். இதயத்துக்குச் செய்யும் பைபாஸ் வேறு என்பதை மக்களுக்கு விளக்க வேண்டும். இதில் இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்குடலையும் தொடாமற் செல்கிறது.

இவ்விரண்டும் உணவின் அளவைக் குறைப்பதோடு நில்லாமல், குடலிலிருந்து எழும் ஹார்மோன்களையும் மாற்றுகின்றன. பசி தணிகிறது, இன்சுலினின் செயல் சீர்ப்படுகிறது. பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு, எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது.

பயன் எவ்வளவு? அமெரிக்காவில் நீரிழிவும் பருமனும் உடைய 150 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2017இல் வெளிவந்தன. சர்க்கரை மிக நல்ல கட்டுப்பாட்டிற்கு வந்தவர்கள், மருந்து மட்டும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 5 பேர். ஸ்லீவ் குழுவில் 23. பைபாஸ் குழுவில் 29. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு, அறுவை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஏறத்தாழ மூன்றாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்று 2020இல் தெரிவித்தது. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் கூறுகிறது. பொதுமக்களோடு ஒப்பிடுகையில் அறுவை பெற்றவர்களின் ஆயுள் ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. அறுவை நன்மை தருவது. ஆனால் பருமன் வாராமற் காப்பதற்கு ஈடாகாது என்பதே இதன் பாடம்.

நோயாளியின் எதிர்பார்ப்பையும் சீர்ப்படுத்த வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்கு 25 பங்கு குறைவது நல்ல பலனாகக் கொள்ளப்படும். நம் அம்மையாரின் 90 கிலோ 67 அல்லது 68 கிலோவாகும். குறியீட்டெண் 40-லிருந்து 30-க்கு இறங்கும். அவர் படமொன்றில் கண்ட மெல்லிடை நடிகையாக மாட்டார். ஆனால் படி ஏறுவார், நன்கு உறங்குவார், நீரிழிவு மருந்துகள் குறையலாம். இதனை முன்பே அறிந்தவர் பின்னர் ஏமாற்றமடைய மாட்டார்.

எவர்க்கு? எவ்விலைக்கு?

2022இல் வெளியான சர்வதேச நெறிமுறை, குறியீட்டெண் 35-க்கு மேற்பட்ட யாவருக்கும், 30-க்கு மேற்பட்டு நீரிழிவு போன்ற நோய் உடையவர்களுக்கும் இதனைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசியர்களுக்கு இவ்வெல்லைகள் மேலும் குறைவு. நம் நாட்டுக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதி இதனினும் கடுமையானது. 18 வயது நிரம்பி, குறியீட்டெண் 40-ஐ எட்டியிருத்தல் வேண்டும்; அல்லது 35-ஐ எட்டி, இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை, அடங்காத நீரிழிவு போன்றவை இருத்தல் வேண்டும்; பிற முறைகள் பயனளிக்காமற் போயிருத்தலும் வேண்டும். இந்நிபந்தனைகளுள் அடங்காத செலவை நிறுவனம் மறுக்கலாம். தனியார் மருத்துவமனைகளில் செலவு சில இலட்சம் ரூபாயாக இருப்பதால், நிலத்தை அடகு வைக்கும் முன் இவ்விதியைப் படித்துக் காட்டுவது ஆசிரியர் செய்யத்தக்க உதவி.

ஆபத்தும் உண்டு. தேர்ந்த மருத்துவமனைகளில் அறுவைக்குப்பின் முதல் மாதத்தில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தையலிட்ட இடத்தில் கசிவு, இரத்தப் பெருக்கு, கால் நரம்பில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தல் ஆகியவை முக்கியமான கேடுகள். ஆகவே எங்குச் செய்யலாம் என்று கேட்பவரிடம் விளம்பரத் தாளைக் காட்டலாகாது. முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும், பின்னர் ஹார்மோன் நோய்ப் பிரிவுள்ள திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களையும் நாடி, உடலும் மனமும் இதற்குத் தக்கனவா என்று ஆராய்ந்தபின் முடிவு செய்வதே முறை.

ஊர் திரும்பிய பின்

அறுவை பெற்றவர் சில நாட்களில் வீடு திரும்புகிறார். நம் பொறுப்பு அப்பொழுது தொடங்குகிறது. உணவு செல்லும் பாதை மாறியதால், இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றை உடல் முன்போல் ஈர்ப்பதில்லை. ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ஏற்கனவே இரத்தச்சோகை உடையவர்கள் என்பதை இங்கு மறத்தலாகாது. புலால் உண்ணாத குடும்பங்களில் பி12 குறைவு எளிதில் நேரும்.

களப்பணியாளர் மனத்திற் கொள்ள வேண்டிய சில எச்சரிக்கைகள் உள்ளன. அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் காய்ச்சல், வயிற்றுவலி, படபடவென்ற நாடித்துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும், அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஓரிரு நாட்களுக்கு மேல் வாந்தி நீடித்தால், தயமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்து மூளையும் நரம்பும் கெடலாம். அத்தகையோருக்குத் தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது கேட்டை மிகுவிக்கும். சர்க்கரை இறங்கிவிட்ட பின்னும் பழைய அளவில் நீரிழிவு மாத்திரை உண்டால் மயக்கம் நேரும்; மருத்துவரிடம் காட்டி அளவைக் குறைக்கச் செய்ய வேண்டும். பைபாஸ் செய்தவர் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கும் வலிமாத்திரைகள் குடற்புண்ணை உண்டாக்கும், புகையிலையும் அவ்வாறே. பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரித்தலைத் தள்ளிப்போட வேண்டும். கருவுற்றால், முதற் பதிவின்போதே அறுவை பற்றிய செய்தியை அட்டையில் எழுதுதல் வேண்டும்.

இவற்றைச் செய்ய ஏற்பாடு வேண்டும் அன்றோ? அறுவை நடந்த நகரம் நூறு கல் தொலைவில் உள்ளது. பேருந்துக் கட்டணத்துக்கும் ஒருநாள் கூலி இழப்புக்கும் அஞ்சியே பலர் இரண்டாம் ஆண்டில் பரிசோதனையைக் கைவிடக் கூடும். ஆகவே, அறுவை பெற்ற ஒவ்வொருவர் பெயரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, பி12 ஊசியும், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும், ஆண்டுப் பரிசோதனையும் அங்கேயே கிடைக்குமாறு செய்ய வேண்டும். அறுவைக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இப்பணம் நோய் தடுப்புக்குச் செல்லட்டும். சிலருக்கான அறுவையில் எதற்கு நாட்டம் என்று சிலர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை இவ்வட்டார வரலாற்றிலேயே உண்டு. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியம் 1912இல் தொடங்கப்பெற்றது. தக்க மருந்து இல்லாத அக்காலத்தில், பல சானடோரியங்களில் நோயுற்ற நுரையீரலை ஒடுக்குவதற்காக நெஞ்சில் அறுவை செய்து வந்தனர். மருந்துகள் வந்தபின், 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலேயே மருந்துண்டு காசநோய் குணமாகும் என்று 1959இல் காட்டியது. அன்று முதல் அந்நோயை அடக்கும் பணி, வீடு வீடாகச் சென்று மாத்திரையைக் கணக்கிட்ட களப்பணியாளர் கைக்கு வந்தது. உடற்பருமனிலும் அறுவையின் இடம் நாளடைவில் சுருங்கக் கூடும். ஆனால் அந்நாள் வரும்வரை, இன்று மூச்சுத் திணறி நிற்பவருக்கு உரிய சிகிச்சையை மறுப்பது நியாயமாகாது. தடுப்பும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டுக்கும் வேண்டியது இடைவிடாத் தொடர்பு ஒன்றே.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

பருத்த குழந்தையை வகுப்பின்முன் நிறுத்திக் கேலி செய்வதும், பட்டப்பெயரால் அழைப்பதும் எடையைக் குறைப்பதில்லை. குழந்தையை விளையாட்டுத் திடலிலிருந்து விரட்டுவதே அதன் பயன். எடையும் உயரமும் தனியிடத்தில் அளக்கப்பட வேண்டும். விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குப் பறித்துக் கொள்ளலாகாது. பானங்களில் அடங்கிய சர்க்கரையின் அளவை எழுதிக் காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கங்களிலுள்ள தமிழ்ப் பள்ளிகளும் தெலுங்குப் பள்ளிகளும் இதனைத் தாமாகவே மேற்கொள்ளலாம். ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும். கிலோவையும் மீட்டரையும் கொண்டு குறியீட்டெண்ணைக் கண்டறிவது எட்டாம் வகுப்புக்கு ஏற்ற கணக்கு. மாணவர்கள் பெயர் சொல்லாத எடுத்துக்காட்டுகளைக் கொண்டு அதனைப் பயில்வாராக.

களப்பணியாளர் பையில் இரத்த அழுத்தக் கருவியோடு ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். அளந்த எண்ணைப் பழிச்சொல் ஏதுமின்றி எடுத்துக் கூறுவோம். நடையால் தீர்வதற்கு நடையையும், மருந்தால் தீர்வதற்கு மருந்தையும், அறுவை வேண்டுவார்க்கு உரிய வழியையும் காட்டுவோம். அறுவை பெற்றுத் திரும்பியவர் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்று, "மாத்திரை உண்கிறீர்களா? கால் மரத்துப் போகிறதா?" என்று கேட்போம். இவ்விரு கேள்விகளைக் கேட்க ஆகும் நேரம் ஐந்து நிமிடம். கேளாமல் விட்டால், நரம்பு கெட்டுக் கால் தளர்ந்தபின் அதனை முழுதும் மீட்பது அரிது.